மூன்று கிலோ கீரிச்சம்பா

பைக்கில் மூன்று பேருக்கு இடம் இருந்தது.
டாங்கியின் மேல் மிதுஷா, கண்ணாடிக் கம்பைப் பிடித்தபடி.
பிறகு நான். என் முதுகோடு வதனி.
ஏழாம் மாதம் அவளுடைய வயிறு
எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து குந்தியது.
நாலாவது ஆள் ஏறிவிட்டார் என்று
அன்றைக்குத்தான் விளங்கியது.

தரகர் ஹில்மி சொன்னார்:
"காலி வீதிக்குக் கடல் பக்கம் நிப்பாட்டின காரை
சும்மா தந்தாலும் எடுக்காதீங்க தம்பி.
உப்பு, பெயின்ட்டுக்குக் கீழால தின்னும்."
நாங்கள் இருப்பதே கடல் பக்கம், வெள்ளவத்தையில்,
ரயில் போனால் சோற்றுக் கோப்பை அதிருகிற வீடு.
அதைச் சொல்லவில்லை. தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் புறப்பட்டோம்.
என்னிடம் லீசிங் கணக்கு எழுதிய துண்டு.
மிதுஷாவிடம் ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து கழற்றிய
மாம்பழக் காந்தம்.
டிங்கர் வேலை செய்த இடத்தில் ஒட்டாதாம்.
வதனியிடம் மூன்று கிலோ கீரிச்சம்பா,
துவாயில் சுற்றி, தலைப்பக்கம் முடிச்சுப் போட்டு.

"எதுக்கு அரிசி?"
"டொக்டர் சொன்ன நிறை. இருத்திப் பாக்க வேணும்."

நுகேகொடையில் ஒரு வெள்ளைக் கார்.
விலையை அவர் வாயால் சொல்லவில்லை,
கால்குலேட்டரில் அடித்துத் திருப்பிக் காட்டினார்.
இந்த நாட்டில் கார் மட்டும்தான்
கிழடாகக் கிழடாக விலை ஏறுகிறது.
மிதுஷா சைபர்களைச் சத்தமாக எண்ணத் தொடங்கினாள்.
கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன்.

தெஹிவளையில் ஒரு வான்.
காந்தம் இடக் கதவில் ஒட்டியது,
வலக் கதவில் ஒட்டியது,
பின்கதவில் டக்கென்று விழுந்து உருண்டது.
அவள் எடுத்து, சட்டையில் துடைத்து,
இன்னொருமுறை வைத்தாள். விழுந்தது.
"அங்கிள், இதில இரும்பு இல்லை."
அந்த மனிதர் அவளை முறைத்தார். என்னை அல்ல.

கிருலப்பனையில் மால்காந்தி டீச்சரின் பழைய அல்ட்டோ,
சாயம் வெளிறிய சிவப்பு.
ஏசி மூச்சிரைத்தது.
பின் ஜன்னல் பாதிவரைதான் இறங்கும்.
வதனி ஏறினாள்: முதலில் கை, பிறகு வயிறு, பிறகு மிச்சம்.
அரிசியை இருத்தி பெல்ட்டை இழுத்துப் போட்டாள்.
டீச்சர் வாயைப் பொத்திச் சிரித்தார்.
பிறகு சிரிப்பு நின்றது. சிங்களத்தில், மெதுவாக,
"தலையை மற்றப் பக்கம் வை மகள், அங்கே வெயில் படும்."

சுற்றிவரப் போனோம்.
சந்தியில் ஓட்டோ ஒன்று குறுக்கே புகுந்தது.
பிரேக்கை மிதித்துக் கண்ணாடியைப் பார்த்தேன்.
வதனி வயிற்றைப் பிடித்திருக்கவில்லை.
அரிசியின் மேல் கை வைத்திருந்தாள்.

அதற்குப் பிறகு நான் விலை பேசவில்லை.
ஹில்மிக்கு இன்னும் கோபம்.

முற்பணத்துக்குப் பைக் போனது,
சாப்பாட்டுப் பெட்டி காவுகிற ஒரு பொடியனிடம்.
மிதுஷா அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள்,
எந்தக் கம்பைப் பிடித்தால் கண்ணாடி ஆடாது என்று.
அவன் ஓம் என்றான். நான் உள்ளே போய்விட்டேன்.

அந்த அரிசியை உலையில் போட
வதனிக்கு மனம் வரவில்லை. துவாயோடு அலுமாரியில் கிடந்தது.
மற்ற அரிசி முடிந்த ஒரு வியாழக்கிழமை,
ஒன்றும் பேசாமல் களைந்து அடுப்பில் வைத்தாள்.
நாங்களும் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டோம்.

அறுபது மாதத் தவணை.
மகன் பள்ளிக்கூடம் போகிற வயதில்
கார் எங்களுடையதாகும்.

பிறந்தபோது இரண்டு கிலோ எழுநூறு.
அரிசியைவிட முந்நூறு கிராம் குறைவு.
ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது
வதனியின் ஒரு கை அவன்மேல்.
மற்றது மிதுஷாவிடம், அவள் கேட்டு வாங்கியது.
ஹவ்லொக் றோட்டில் நான் இருபதில் ஊர்ந்தேன்.
பின்னால் பஸ் ஹோர்ன் அடித்து அடித்து,
முந்தும்போது கண்டக்டர் புட்போர்டில் தொங்கியபடி
என் பரம்பரையையே இழுத்து ஏசினான்.
பதிலுக்கு ஏச எனக்கும் தெரியும்.
கையை வெளியே நீட்டி,
போங்கோ, நீங்கள் முன்னுக்குப் போங்கோ என்றேன்.